ஈரத்திலும் ஒட்டும் பசை

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர். சவரம் செய்யும்போது லேசாகக் கீறினாலே துணியை வைத்து வெகுநேரம் அழுத்திப் பிடிக்கவேண்டும். பிளாஸ்திரி ஈரத்தில் வழுக்கிவிடும். ஒட்டிய பஞ்சைப் பிரித்தால் மறுபடி ரத்தம் கசியும்.

ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஓடில்லா நத்தையின் பிசுபிசுப்பைப் பார்த்து ஈரத்திலும் ஒட்டும் ஒரு ஹைட்ரோஜெல்லை (நீர் நிறைந்த, கூழ் போன்ற பொருள்) உருவாக்கி, 2017-இல் வெளியிட்டார்கள். ரத்தம் படிந்த பன்றி இதயத்திலும் அது ஒட்டி நின்றது. துடிப்புக்கேற்ப வளைந்தும் கொடுத்தது. கடற்பாசியில் கிடைக்கும் ஆல்ஜினேட்டும், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானும் அதில் சேர்கின்றன. இறால் ஓடு நம் தூத்துக்குடியிலும் கழிவாகப் போகிறது! நம் பல்கலைக்கழகங்கள் இந்த ஆய்வுக்கு முன்னுரிமை தரவேண்டும். விலை குறைவாக, 108 ஆம்புலன்ஸ் வரை இது வந்துசேர வேண்டும்.

- ஒரு வாசகி, திருநெல்வேலி