இந்தக் காசை வங்கியில் போடாதே

ஸ்காபரோ, கனடா
2025 நவம்பர்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நானும் அத்தானும் நலம். உன் சுகமும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் சுகமும் அறிய ஆவல். நாளுக்கொரு தரம் வைபரில் கதைக்கிறோம், பிறகு ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் இந்தக் கதையை எடுத்தால் "அதை விடு அக்கா, அங்கே குளிர் எப்படி" என்று நீ வேறு பக்கம் போய்விடுகிறாய். அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து முழுக்க வாசி.

போன வருடம் நான் காசு அனுப்பியது உனக்கு ஒரு நல்ல மெத்தை வாங்கவும், குளியலறைக்குச் சுடுதண்ணீர் பூட்டவும். நீ அதைச் சதம் குறையாமல் பேத்தியின் பெயரில் வங்கியில் போட்டிருக்கிறாய். மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளை ஏசாதே. எனக்குக் கோபம் வரவில்லை, ஆனால் அன்று இரவு நித்திரையும் வரவில்லை. பஞ்சு கட்டிபட்ட அந்தப் பழைய மெத்தையில் இடுப்பு நோவோடு நீ புரண்டு புரண்டு படுப்பதே கண்ணுக்குள் நின்றது. எனக்கு எழுபது, உனக்கு அறுபத்தேழு. இன்னும் எந்தக் காலத்துக்கு வைத்திருக்கப் போகிறாய்?

நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன். 1988-இல் இங்கே வந்து இறங்கியபோது அத்தான் இரண்டு வருடமாக ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். நான் பெட்டி அடைக்கிற தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். சம்பளம் கைக்கு வந்த அன்றே பிரிந்து போய்விடும். வாடகை, சீட்டுக் காசு, ஏஜென்சிக்குப் பட்ட கடன், ஊருக்கு அனுப்புவது. 2000-ஆம் ஆண்டுச் சண்டையில் நீ பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு மீசாலையை விட்டு வெளிக்கிட்ட நேரம் நான் இரண்டு ஷிப்ட் செய்தேன். அதை இப்போது கணக்குக் காட்டுவதற்காக எழுதவில்லை. அந்த நாட்களில் எனக்கென்று ஒன்று வாங்க நினைத்தாலே நெஞ்சு குற்றப்படும், அதற்காகத்தான் சொல்கிறேன். பிறகு வீடு வாங்கிய கடன். பிறகு மகளின் கலியாணம், மகனின் படிப்பு. வீட்டுக் கடன் 2016-இல்தான் முடிந்தது.

2020-இல் எனக்கு 65 வயதானது. அந்த வயதில் இந்த நாட்டு அரசாங்கம் முதியோர் பென்சன் கொடுக்கும். பதினெட்டு வயதுக்குப் பிறகு 40 வருடம் இங்கே இருந்தவருக்கு முழுப் பென்சன். குறைந்தது பத்து வருடமாவது இருந்திருக்க வேண்டும். எனக்கு 32 வருடம், ஆகவே நாற்பதில் முப்பத்திரண்டு பங்கு. வேலை செய்த காலத்தில் சம்பளத்தில் கழித்த காசுக்கு இன்னொரு பென்சன் தனியாக வரும். கட்ட வேண்டிய கடன் ஒன்றும் இல்லை, மாதா மாதம் காசு வருகிறது. ஆனால் செலவழிக்கக் கை வரவில்லை, தங்கச்சி. முப்பது வருடம் பொத்திப் பிடித்த கை ஒரு நாளில் விரியாது.

அந்தக் கையை விரித்தது ஒரு மாம்பழம்.

மே மாதம் பிறந்தால் இங்கே தமிழ்க் கடைகளில் இந்திய மாம்பழம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். முதலில் அல்போன்சாவும் கேசரும், பின்னால் பாகிஸ்தான் பழங்கள். ஒரு பெட்டி வாங்குவேன். இரண்டு கன்னத்தையும் சீவிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, தொட்டிக்கு மேல் குனிந்து நின்று கொட்டையைச் சூப்புவேன். பேரப்பிள்ளைகள் வந்த பிறகும் அதே பழக்கம்தான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் பேத்தி பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். "அம்மம்மா, உங்களுக்கு மாம்பழத்தின் சதை பிடிக்காதா?" என்று கேட்டாள். ஆறு வயதுப் பிள்ளை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறாள். எனக்குப் பதில் வரவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும், கிணற்றடிக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். அம்மா சுளகில் வைத்து வெட்டுவார். ஐயாவுக்கு ஒரு பங்கு, நமக்குப் பங்கு, அயலுக்கும் ஒரு பங்கு போகும். அம்மாவின் கையில் எப்போதும் கொட்டைதான். அம்மாவுக்குக் கொட்டைதான் விருப்பம் என்று நானும் நினைத்துத்தான் வளர்ந்தேன். அவரிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. நீயாவது கேட்டிருக்கிறாயா? கடைசி வரை அவரோடு இருந்தவள் நீ. தெரிந்தால் எழுது.

பேத்தி கேட்டதற்கு அடுத்த நாள் பஸ் எடுத்துப் போய் இன்னொரு பெட்டி வாங்கி வந்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை. நல்ல பழமாக ஒன்றைத் தெரிந்து, கழுவி, அலுமாரியில் விருந்தாளிகளுக்கென்று பூட்டி வைத்திருந்த பூப்போட்ட பீங்கானை எடுத்து, கதிரையில் இருந்து முழுப் பழத்தையும் சாப்பிட்டேன். முதல் துண்டு தொண்டையில் இறங்க நேரம் எடுத்தது. மூன்றாவது துண்டில் அழுதேன். அதற்குப் பிறகு அந்தப் பீங்கான் அலுமாரிக்குத் திரும்பிப் போகவில்லை. தினமும் அதில்தான் சாப்பிடுகிறோம். இரண்டு உடைந்துவிட்டன, உடைந்தால் என்ன.

சப்பாத்தும் அப்படித்தான். வந்த நாளிலிருந்து யாரோ போட்டுக் கழித்த பனிச் சப்பாத்தைத்தான் பழைய சாமான் கடையில் வாங்கிப் போட்டேன். என் காலுக்கு அளவாக ஒன்றும் கிடைக்காது, முன்னுக்குக் கடதாசியை அடைத்துக்கொள்வேன். ஈரம் ஊறி, வேலைக்குப் போய்ச் சேரும்போது விரல் மரத்திருக்கும். போன மார்கழியில் கடைக்குப் போய், காலை அளந்து, உள்ளே கம்பளி வைத்த புதுச் சப்பாத்து வாங்கினேன். வெளியே இருபது பாகைக் குளிர், பூச்சியத்துக்குக் கீழே. பஸ் தரிப்பில் நிற்கிறேன், கால் சூடாக இருக்கிறது. இந்த நாட்டின் பனி வடிவானது என்று முப்பத்தாறு வருடத்துக்குப் பிறகுதான் கண்டேன்.

இனிப் பெரிய செலவைச் சொல்கிறேன். செப்டம்பரில் நாங்கள் வன்கூவருக்குப் போன கதையை நீ போனில் அரைவாசிதான் கேட்டாய். விமானத்தில் போனால் ஐந்து மணித்தியாலம். நாங்கள் கோச்சியில் போனோம், ரயிலில். நாலு இரவு, 4,466 கிலோமீற்றர். படுக்கை அறையும் சாப்பாடும் சேர்த்து இரண்டு பேருக்கும் நாலாயிரம் டொலரை ஒட்டி வந்தது. மகள்தான் பதிவு செய்து தந்தாள். விலையைக் கேட்ட அத்தான் மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்தக் காசில் ஊரில் என்னென்ன செய்யலாம் என்ற கணக்கு எனக்குள்ளும் ஓடியது. ஓடட்டும் என்று விட்டேன்.

ஏன் கோச்சி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கொடிகாமம் ஸ்டேசன் கேற்றடியில் ஐயாவின் சைக்கிளில் முன்னுக்கு நீ, பின்னுக்கு நான். யாழ்தேவிக் கோச்சி வருகிற இரைச்சல் தூரத்தில் கேட்கத் தொடங்கவே நீ காதைப் பொத்துவாய். "ஒரு நாளைக்கு உங்கள் இரண்டு பேரையும் முதலாம் வகுப்பில் இருத்திக் கொழும்புக்குக் கூட்டிப் போவேன்" என்று ஐயா ஒவ்வொரு முறையும் சொல்லுவார். நாம் போனதெல்லாம் இரவு மெயிலில், மூன்றாம் வகுப்பில், றங்குப் பெட்டிக்கு மேல் இருந்து. பிறகு 1990-இல் கோச்சியும் நின்றது, தண்டவாளமும் இல்லாமல் போனது. தண்டவாளத்துக்குக் கீழ் கிடந்த சிலிப்பர் கட்டை சண்டைக்குப் பங்கர் கட்டப் போன கதையை நீ எழுதியிருந்தாய்.

இந்தக் கனடாக் கோச்சி ஓடத் தொடங்கியது 1955 ஏப்ரலில். யாழ்தேவி அடுத்த வருட ஏப்ரலில். கனடாக் கோச்சிக்கு அன்றைக்கு வாங்கிய வெள்ளி நிறத் துருப்பிடிக்காத இரும்புப் பெட்டிகள்தான் இன்னும் ஓடுகின்றன. நான் பிறந்த வருடத்துப் பெட்டி. உள்ளே ஏறியதும் சுவரைத் தடவிப் பார்த்தேன்.

அறை சின்னது. பகலில் இரண்டு கதிரை. இரவில் நாங்கள் சாப்பிட்டு வருவதற்குள் ஒருவர் கதிரையை மடித்து, மேலே ஒன்று கீழே ஒன்றாகப் படுக்கை விரித்து வைத்திருப்பார். யன்னல் கீழ்ப் படுக்கைக்குத்தான் இருக்கிறது. அத்தானுக்கு முழங்கால் சரியில்லை, அவர் கீழேதான் படுக்க வேண்டும் என்று நான் ஏணியைப் பிடித்தேன். அவர் ஒன்றும் பேசாமல் என்னை விலக்கிவிட்டு, ஒவ்வொரு படியாகப் பிடித்துப் பிடித்து மேலே ஏறிப் படுத்துவிட்டார். "நீதானே யன்னல் பார்க்க வந்தாய்" என்றார். மூன்று நாள் பேசாதிருந்த மனிதர்தான், தங்கச்சி. இருபது வருடம் இரவு வேலை செய்தவர். அலாரம் வைக்காமல் அவர் படுத்ததை அன்றுதான் கண்டேன்.

ஒன்ராறியோவைக் கடக்கவே ஒன்றரை நாள் பிடித்தது. காடு, குளம், பாறை, திரும்பவும் காடு. இலையெல்லாம் மஞ்சளாகியிருந்த நேரம். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபடி பார்ப்பேன். ஒரு வெளிச்சமும் இல்லாத காட்டுக்குள் குளத்துத் தண்ணீர் மட்டும் மினுங்கும். இடையில் சரக்குக் கோச்சிக்கு வழிவிட்டு எங்கள் வண்டி ஒதுங்கி நிற்கும். ஒரு சரக்குக் கோச்சியில் நூறு பெட்டிக்கு மேல் எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. கண்ணாடிக் கூரை போட்ட பெட்டியில் ஏறி இருந்தால் நாலு பக்கமும் தெரியும். வின்னிப்பெக் தாண்டினால் வயல் வெளிதான். நம் ஊர் ஆட்கள் கண்டால் மலைத்துப் போவார்கள், அறுவடை முடிந்த வயல் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜாஸ்பர் பக்கம் 2024 காட்டுத் தீயில் எரிந்த மரங்கள் கறுத்துப்போய் வரிசையாக நின்றன. அதைப் பார்க்க மனம் கனத்தது. அதைத் தாண்டி ரொப்சன் மலை, 3,954 மீற்றர். அதன் உச்சி முகிலுக்குள்தான் இருக்கும், காண்பது அருமை என்றார்கள். எங்களுக்குக் கொஞ்ச நேரம் திறந்து காட்டியது. அத்தான் எழுந்து நின்று கும்பிட்டார்.

சாப்பாட்டுப் பெட்டியில் வெள்ளை விரிப்பு விரித்த மேசை. தெரியாத ஆட்களோடு சேர்த்துத்தான் இருத்துவார்கள். முதல் நாள் சாப்பிட்டு முடித்ததும் பழக்கத்தில் எல்லாருடைய பீங்கானையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கிவிட்டேன். பரிமாறிய பெண் என் கையை மெதுவாகத் தொட்டு, "நீங்கள் இருங்கள் அம்மா" என்பது போல ஒன்று சொன்னாள். மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். அந்தக் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மூன்றாம் நாள்தான் சும்மா இருக்கப் பழகியது.

நீ கேட்பாய், இதுவும் பவுசு காட்டுவதுதானே என்று. இல்லை. இங்கே சாமத்திய வீட்டுக்கு லிமோசினும் குதிரை வண்டியும் பிடித்து, மூன்று வருடம் கடன் கட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அது ஊர் பார்க்கச் செய்கிற செலவு. அதில் எனக்கு ஒரு துளி விருப்பமும் இல்லை. கோவிலுக்கும் உறவுக்கும் கொடுப்பதை நான் நிறுத்தவும் இல்லை, நிறுத்தவும் மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கில் என் பெயரும் ஒரு வரியில் இருக்க வேண்டும். உன் பெயரும் இருக்க வேண்டும்.

சரி, இனிக் காரியத்துக்கு வருகிறேன். இந்த மாதம் திரும்பவும் காசு அனுப்புகிறேன். இந்த முறை மருமகளின் பெயருக்கு. மெத்தையை அவள் சாவகச்சேரியில் போய்ப் பார்த்து வாங்குவாள், நீயும் கூடப் போய் ஒருக்கால் படுத்துப் பார்த்துவிட்டு வாங்கு. சுடுதண்ணீருக்கு ஆள் பேசியாகிவிட்டது. பேத்தியின் காசு வங்கியில் இருந்தபடியே இருக்கட்டும்.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னதாக அடுத்த வருடம் நான் வருகிறேன். அத்தானும் வருகிறார். நீ கொழும்புக்கு வந்து எங்களைச் சந்திக்க வேண்டும். கோழிக்கும் மாட்டுக்கும் யார் என்று கேட்காதே, மருமகளோடு கதைத்துவிட்டேன். இரண்டு நாள் கோல்பேஸ் பக்கம் ஒரு நல்ல ஹோட்டலில் தங்குவோம், கடல் பார்க்கிற அறையாக. பிறகு கோட்டை ஸ்டேசனில் இருந்து முதலாம் வகுப்பு ஏ.சி. பெட்டி உள்ள கோச்சியாகப் பார்த்து ஏறிக் கொடிகாமத்தில் இறங்குவோம். வவுனியா வரை யன்னல் உனக்கு. ஆனையிறவு வர முந்தி எனக்கு விட்டுத் தர வேண்டும், சின்ன வயதில் செய்த மாதிரி நித்திரை போலக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கக் கூடாது.

அன்புடன்,
உன் அக்கா

பி.கு.: கட்டிலின் நீளமும் அகலமும் அளந்து நாளைக்கே வைபரில் போட்டுவிடு. அங்குலத்தில் போட்டாலும் சரி.