தேடல் வரைபடத்தை நம்பிச் சரக்கைக் குறைக்கும் முன்: சுங்கை சிப்புட் வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வணிகர் சங்கத் தலைவர், செயலாளர், கடைத்தெரு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த 2026-ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அதற்கு என்ன சரக்கு, எவ்வளவு, எப்போது எடுப்பது என்பதை இணையத் தேடல் தரவைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று போன கூட்டத்தில் பேசினோம். வெளியூரிலிருந்து வந்த விளம்பர ஆலோசகர் திரையில் சில கோடுகளைக் காட்டினார். பேராக் மாநிலத்தில் பலகாரச் சாமான்கள் மீதான ஆர்வம் சரிந்துவிட்டது, கடலை மாவு, பாசிப்பருப்பு, முறுக்குக் குழல், அச்சு எல்லாவற்றையும் பாதியாகக் குறையுங்கள், அந்தப் பணத்தில் பெட்டி இனிப்புகளும் பரிசுக் கூடைகளும் எடுங்கள் என்றார். பலரும் தலையாட்டினீர்கள். நம் ஊரில் சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். ஹேவுட் தோட்டத்தில் பிறந்து, இதே கடைகளில் பற்றுக்குச் சாமான் வாங்கிய வீட்டில் வளர்ந்தவள். அந்த முடிவை அப்படியே எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

தேடல் தரவே வேண்டாம் என்பது என் பேச்சில்லை. அது நல்ல கருவி, காசில்லாமலும் கிடைக்கிறது. ஆலோசகர் காட்டிய கூகுள் டிரெண்ட்ஸ் 2006-இல் வந்தது. 2004 முதலான தேடல்களின் போக்கை அதில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2009-இல் கூகுளின் தலைமைப் பொருளியலாளராக இருந்த ஹால் வேரியனும் அவருடன் பணியாற்றிய ஹியுன்யங் சோயும் இதை வைத்து ஓர் ஆய்வு எழுதினார்கள். கார் விற்பனை, வீடு விற்பனை, சுற்றுலா இவற்றின் அதிகாரபூர்வக் கணக்கு வெளிவர வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் மக்கள் என்ன தேடுகிறார்கள் என்று பார்த்தால் நடப்பு நிலவரம் ஓரளவு தெரிந்துவிடும் என்று காட்டினார்கள். கார் வாங்குகிறவர் வாங்கும் முன் பல நாள் தேடுவார், விலை ஒப்பிடுவார். அந்தத் தடம் இணையத்தில் விழுகிறது. ஒரு கிலோ கடலை மாவு வாங்குகிறவர் எதைத் தேடப் போகிறார்? நேராகக் கடைக்கு வந்து கேட்பார். வித்தியாசம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

திரையில் பார்த்த 100 என்ற எண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது நூறு பேரும் இல்லை, நூறு சதவீதமும் இல்லை. ஓர் இடத்தில் ஒரு காலத்தில் நடந்த மொத்தத் தேடல்களில் அந்தச் சொல்லுக்கு என்ன பங்கு என்று பார்த்து, அந்தப் பங்கு உச்சமாக இருந்த நேரத்துக்கு 100 என்று வைத்து, மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுப் போடுகிறார்கள். அதுவும் எல்லாத் தேடல்களையும் எண்ணுவதில்லை, ஒரு மாதிரியை எடுத்துக் கணக்கிடுகிறார்கள். கைப்பேசி எல்லார் கையிலும் வந்து மொத்தத் தேடல் பல மடங்கு பெருகிய காலம் இது. முறுக்கைத் தேடியவர்கள் கூடியிருந்தாலும், மற்ற தேடல்கள் அதைவிட வேகமாகக் கூடினால் முறுக்கின் கோடு கீழே இறங்கும். கோடு இறங்கினால் ஆள் குறைந்தார்கள் என்று முடிவு கட்ட முடியாது.

அப்புறம், அந்தச் சரிவுக் கோட்டையே எடுத்துக்கொள்வோம். 2023 நவம்பரையும் 2025 நவம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாதிக்குமேல் இறங்கியிருக்கிறது என்று காட்டப்பட்டது. 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. அதாவது 2025 நவம்பர் பிறக்கும்போது பலகாரம் சுட்டு, தின்று முடித்து, டின்களைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. அந்த மாதத்தில் யார் முறுக்கு மாவைத் தேடுவார்கள்? நம் பண்டிகை ஆங்கில நாட்காட்டியில் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒப்பிட வேண்டுமானால் தீபாவளிக்கு எட்டு வாரம் முன், ஆறு வாரம் முன், இரண்டு வாரம் முன் என்று பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி ஒப்பிட வேண்டும். தைப்பூசத்துக்கும் இதே கதைதான். தரவு பொய் சொல்லவில்லை. தீபாவளி எப்போது என்று பார்க்காமல் தரவைப் படித்திருக்கிறார்கள்.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது சம்பள நாள். மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும். போன ஆண்டு தீபாவளி 20-ஆம் தேதி, மாதத் தொடக்கச் சம்பளம் கையில் இருக்கும்போதே வந்தது. இந்த ஆண்டு நவம்பர் 8. அக்டோபர் மாதச் சம்பளம் கடைசி நாள் வரை இழுத்தால் 7-ஆம் தேதி சனிக்கிழமைதான் கைக்கு வரும், மறுநாள் பண்டிகை. முன்கூட்டிக் கொடுக்கும் முதலாளிகளும் உண்டு, முன்பணம் தருகிறவர்களும் உண்டு, ஆனால் எல்லாரும் இல்லை. வீட்டில் நெய் உருண்டை பிடிப்பதும் அச்சு முறுக்கு சுடுவதும் பண்டிகைக்கு ஓரிரு வாரம் முன்பு. தேடல் கோடு வழக்கம்போல அக்டோபரில் ஏறும். அதைப் பார்த்துப் பெட்டி இனிப்பை அடுக்கி வைத்தால், பெட்டி அலமாரியில் இருக்கும், பணம் இன்னும் சம்பளக் கணக்கில் ஏறியிருக்காது. கூகுள் ஆசையைக் காட்டும். கையில் காசு எப்போது வரும் என்பது அதற்குத் தெரியாது.

அது உங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும், பற்றுக்கு, அதாவது கடனுக்கு, கொடுத்த சாமானை எழுதும் 555 நோட்டுக்குத் தெரியும். நான் கணக்குப் பார்க்கும் ஒரு கடையின் பழைய நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. ஒரு பக்கத்தில் அரிசி மாவு, முட்டை, சீனி, தேங்காய்ப்பால், எண்ணெய் என்று வரிசையாக எழுதி, கீழே “6-ஆம் தேதி” என்று மட்டும் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் பாசிப்பருப்பு, நெய், முந்திரி. ஓரத்தில் “மகன் வந்ததும்”. முதல் வீடு அச்சு முறுக்கு சுடப் போகிறது, சம்பளம் ஆறாம் தேதி. இரண்டாவது வீட்டில் நெய் உருண்டை, மகன் வெளியூரிலிருந்து வந்து கணக்கை முடிப்பான். எந்தச் சாமான், எந்த வாரம், எப்போது காசு என்று மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. பெரிய பேரங்காடிகள் உறுப்பினர் அட்டை கொடுத்து, தள்ளுபடி கொடுத்து, ஆள் வைத்துச் சேர்க்கும் தகவல் இதுதான். நீங்கள் அதை ரப்பர் வளையம் போட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்திருக்கிறீர்கள்.

அந்த மகனைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள். நம் பிள்ளைகள் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள். அம்மாவுக்குச் சேலை, தம்பிக்கு ஜிப்பா என்று அங்கே உட்கார்ந்து தேடுகிறார்கள். அந்தத் தேடல் கோலாலம்பூர் கணக்கிலோ சிங்கப்பூர் கணக்கிலோ விழுகிறது. வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு நம் கடைத்தெருவில் வாங்குகிறார்கள். பேராக்குக்கென்று போட்ட கோட்டில் அவர்கள் இருக்க மாட்டார்கள். அந்தக் கோட்டில் ஈப்போ நகரம் முழுக்க இருக்கும், அதற்குள் நம் ஊர் தனியாகத் தெரியாது. தேடல் குறைவான சொல்லுக்கும் இடத்துக்கும் கூகுள் பூஜ்யம் என்றே காட்டும். பூஜ்யம் என்றால் போதுமான தரவு இல்லை என்று பொருள், வேண்டுகிறவர் இல்லை என்று பொருளில்லை.

எழுத்துக் கூட்டலும் நம் கணக்கைச் சிதறடிக்கிறது. அச்சு முறுக்கையே பாருங்கள். பேசித் தேடும் பாட்டிக்குத் தமிழ் எழுத்தில் விழும். பேத்தி ரோமன் எழுத்தில் தனக்குத் தோன்றியபடி அடிப்பாள், ஒரு எழுத்து கூடும், ஒன்று குறையும். மலாய்க்காரர் குவே லோயாங் என்றும் குவே ரோஸ் என்றும் தேடுவார். அதே பலகாரம் சீனப் புத்தாண்டுக்கும் சுடப்படுகிறது, நோன்புப் பெருநாளுக்கும் சுடப்படுகிறது. ஒரே ஒரு கூட்டலை மட்டும் இட்டுப் பார்த்தால் மற்றதெல்லாம் விட்டுப்போகும். மாறாக, அச்சுக்கு நம் ஊரில் மூன்று பண்டிகைச் சந்தை இருக்கிறது என்பதை இந்தத் தரவே உங்களுக்குச் சொல்லக்கூடும். சரியாகக் கேட்டால்தான் சொல்லும். ஒரே நேரத்தில் பல சொற்களை ஒப்பிடலாம். யூடியூப் தேடலைத் தனியாகவும் பார்க்கலாம். நம் வீடுகளில் செய்முறை பார்ப்பது பெரும்பாலும் யூடியூபில்தான், ஆகவே அதைப் பார்க்காமல் பலகாரத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்பது என் கருத்து. ஷாப்பி இணையச் சந்தைக்குள்ளும் டிக்டாக்குக்குள்ளும் தேடுவது கூகுள் டிரெண்ட்ஸில் வராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இளம் பிள்ளைகள் துணிமணியைத் தேடுவது அங்கேதான்.

தேடுகிறவரெல்லாம் வாங்குகிறவரும் இல்லை. 2024-இல் துபாய் சாக்லேட் உலகமெங்கும் பரபரப்பானது நினைவிருக்கும். அது என்ன, ஏன் இந்த விலை என்று பார்க்கத் தேடியவர்கள் ஏராளம். இந்தக் குழப்பத்தில் கூகுளே விழுந்திருக்கிறது. தேடலை வைத்துச் சளிக்காய்ச்சல் பரவலைக் கணிக்க 2008-இல் கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ் தொடங்கினார்கள். 2012-13 குளிர்காலத்தில் அது அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தந்த கணக்கைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. செய்திகளில் காய்ச்சல் பேச்சு அதிகமானதும், நோயில்லாதவர்களும் தேடியதை ஒரு காரணமாகச் சொன்னார்கள். 2015-இல் கணிப்பு வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பெரிய நாட்டில், அவ்வளவு தரவை வைத்தே அப்படி ஆகும் என்றால், நம் ஊர்ச் சரக்கை ஒரு கோட்டை மட்டும் பார்த்துப் பாதியாக வெட்டலாமா?

அதே ஆலோசகர் சொன்ன இன்னொரு யோசனையையும் இங்கேயே மறுக்க விரும்புகிறேன். வாடிக்கையாளரின் கைப்பேசி எண்ணோடு அவர் நம் இணைய ஆர்டர் பக்கத்தில் எதைத் தேடினார் என்பதையும் சேர்த்து வைக்கலாம் என்றார். 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் சுமார் 6,50,000 பேரின் ஏறத்தாழ 2 கோடித் தேடல்களை ஆய்வுக்கென்று வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு எண்கள்தான் போட்டிருந்தார்கள். அப்படியும் சில நாளில் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் ஓர் எண்ணுக்குரிய மூதாட்டியின் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள், அவர் தேடிய சொற்களே வழி காட்டின. இது ஒருவரை ஒருவர் அறிந்த ஊர். யார் சர்க்கரை நோய்க்கு என்ன தேடினார், எந்த வீட்டில் குழந்தைக்காக என்ன விசாரித்தார்கள் என்பது நம் கணினியில் கிடக்கவே கூடாது. 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத்துக்குப் பொருந்தும், அது நம்மையும் கட்டும். ஆர்டர் பக்கத்தில் எந்தச் சொல் தேடப்பட்டது, அது கிடைத்ததா இல்லையா என்று மட்டும் வைத்துக்கொண்டால் போதும். தேடிக் கிடைக்காமல் போன சாமான் எது என்பதைவிடப் பயனுள்ள தகவல் ஒரு கடைக்கு வேறில்லை. அதற்கு யாருடைய எண்ணும் தேவையில்லை.

கடையிலும் இதையே செய்யலாம். கல்லாப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி வையுங்கள். “அண்ணே, சிப்பி அச்சு இருக்கா?” என்று கேட்டு, இல்லை என்று கேள்விப்பட்டுத் திரும்புகிறவர் ஒவ்வொருவருக்கும் அந்தச் சாமான் பெயரையும் தேதியையும் கிறுக்கி வையுங்கள். தோட்டத்திலிருந்து பேருந்திலும் மகன் மோட்டார் சைக்கிளிலும் வருகிற அம்மாக்கள் கேட்பது அந்தத் தாளில்தான் பதியும். இணையத்தில் அவர்கள் எதையும் தேடியிருக்க மாட்டார்கள். இப்போது வெட்டச் சொல்லும் சரக்கு முழுக்க அவர்கள் வாங்குவது. அவர்களுக்கு இங்கே பாசிப்பருப்பும் முறுக்குக் குழலும் இல்லை என்றால் ஈப்போவுக்குப் போக வேண்டும். போனவர்கள் சேலையையும் அங்கேயே எடுத்துக்கொண்டுதான் வருவார்கள்.

தேடல் தரவுக்கு நான் கொடுக்கும் வேலை இரண்டு. மக்கள் எந்த வாரத்தில் பண்டிகையை நினைக்கத் தொடங்குகிறார்கள் என்று அது சொல்லட்டும், அந்த வாரம் புலனத்திலும் (வாட்ஸ்அப்) முகநூலிலும் நம் விளம்பரம் போகட்டும். எந்தச் சொல்லை, எந்தக் கூட்டலில் இடுகிறார்கள் என்று அது சொல்லட்டும், அதையே நம் விளம்பரத்திலும் எழுதுவோம். எவ்வளவு மாவு, எத்தனை குழல், யாருக்கு எதுவரை பற்று என்பதை நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

சங்கப் பொறுப்பாளர்களிடம் என் வேண்டுகோள் இது. சரக்கைக் குறைக்கும் தீர்மானத்தை அடுத்த கூட்டம் வரை நிறுத்தி வையுங்கள். ஒவ்வொரு கடையும் கடந்த மூன்று தீபாவளிகளின் பற்று நோட்டிலிருந்து சாமான், தேதி, பணம் வந்த நாள் மூன்றையும் மட்டும் ஒரு தாளில் எடுத்து வரட்டும். வீட்டுப் பெயர், ஆள் பெயர் எதுவும் வேண்டாம். பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிய தேடல் கோடுகளை, தமிழிலும் ரோமனிலும் மலாயிலும் பார்த்து, யூடியூபையும் சேர்த்து நான் தயார் செய்து வருகிறேன், அதற்குக் காசு எதுவும் வேண்டாம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, நவம்பர் முதல் வாரச் சம்பளத்தையும் கணக்கில் கொண்டு முடிவெடுப்போம். மொத்த வியாபாரியிடம் ஆர்டர் சொல்ல செப்டம்பர் நடுப்பகுதி வரை நேரம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் ஊர்க் கணக்காளர்
சுங்கை சிப்புட், பேராக்