விடை வேண்டாம், போதுமா சொல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தாலே ஏதாவது ஒரு கணக்கு குறுக்கே வந்து நிற்கிறது, கோபித்துக்கொள்ளாதே. மகள் நீச்சல் கற்றுக்கொண்டாள் என்று எழுதியிருந்தாய். நீயும் தண்ணீரில் இறங்கினாயா, இல்லை வழக்கம்போலக் கரையில் நின்று உத்தரவு போட்டாயா?

இந்த வயதில் ஜிமேட் எதற்கு என்று கேட்டிருந்தாய். எம்.பி.ஏ. படிப்பில் சேர எழுதும் நுழைவுத் தேர்வுதான் அது. எம்.பி.ஏ. ஆசையைத் தள்ளிப்போட்டே பத்து வருடம் ஓடிவிட்டது. மீதியை நேரில் சொல்கிறேன். இப்போது என்னைப் பாடாய்ப் படுத்துவது அதில் வரும் டேட்டா சஃபிஷியன்சி, அதாவது ‘தகவல் போதுமா’ என்ற கேள்வி வகை. நீ பார்த்திருக்க மாட்டாய். ஒரு கேள்வி, அதன் கீழே இரண்டு கூற்றுகள். விடையைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. கண்டுபிடிக்க அந்தத் தகவல் போதுமா என்று சொன்னால் சரி. முதலாவது மட்டும் போதும், இரண்டாவது மட்டும் போதும், இரண்டும் சேர்ந்தால்தான் போதும், எந்த ஒன்றும் தனியாகவே போதும், சேர்ந்தாலும் போதாது. எல்லாக் கேள்விக்கும் இதே ஐந்து தேர்வுகள், இதே வரிசை.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! முதல் மாக் டெஸ்டில் மண்ணைக் கவ்வினேன். நம் கணக்கு வாத்தியாரை நினைவிருக்கிறதா? ஸ்டெப் ஒன்று விட்டாலும் அரை மார்க் போய்விடும். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு சமன்பாட்டையும் கடைசி வரை தீர்த்துவிட்டுத்தான் பேனாவைக் கீழே வைத்தேன். நேரம் முடிந்தபோது ஆறு கேள்விகளைத் தொடவே இல்லை. இந்த வகைக் கணக்கு முன்பு குவான்ட் என்ற கணிதப் பகுதியில் இருந்தது. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் டேட்டா இன்சைட்ஸ் பகுதிக்கு மாறிவிட்டது. அங்கே 45 நிமிடத்தில் 20 கேள்விகள். அட்டவணை, வரைபடம், பல பக்கத் தகவல் என்று மற்றவை நேரத்தை விழுங்கும். இதில்தான் கொஞ்சம் மிச்சம் பிடிக்க வேண்டும்.

நான் ஏமாந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். ஒரு வண்டியில் 7 கிலோ பெட்டிகளும் 11 கிலோ பெட்டிகளும் இருக்கின்றன. 7 கிலோ பெட்டிகள் எத்தனை? கூற்று ஒன்று: மொத்த எடை 58 கிலோ. கூற்று இரண்டு: மொத்தம் 6 பெட்டிகள். தெரியாதது இரண்டு, சமன்பாடு இரண்டு, ஆகவே இரண்டும் சேர்ந்தால்தான் முடியும் என்று கண்ணை மூடிக்கொண்டு குறித்தேன். தப்பு. பெட்டியைப் பாதியாக வெட்ட முடியாதே! 58-இலிருந்து 11, 22, 33, 44, 55 என்று கழித்துப் பார். மிச்சம் 47, 36, 25, 14, 3. இதில் ஏழால் வகுபடுவது 14 மட்டும்தான். ஆக 7 கிலோ பெட்டி இரண்டு, 11 கிலோ பெட்டி நான்கு. முதல் கூற்று ஒன்றே போதும்.

இதோடு விட்டிருந்தால் தூங்கியிருப்பேன். எடையை மாற்றினால் என்ன ஆகும் என்று புத்தி அரித்தது. 95 கிலோ என்று வைத்துக்கொள். 12 ஏழும் 1 பதினொன்றும் சேர்ந்தாலும் 95, 1 ஏழும் 8 பதினொன்றும் சேர்ந்தாலும் 95. இப்போது எத்தனை பெட்டி என்று இரண்டாவது கூற்று சொன்னால்தான் முடிவுக்கு வர முடியும். வாசகம் அப்படியே இருக்க, எண்ணை மாற்றினாலே விடை மாறிவிடுகிறது. அன்றிலிருந்து ‘இரண்டு சமன்பாடு’ சூத்திரத்தை நம்புவதை விட்டுவிட்டேன்.

இன்னொரு தப்பு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரு முழு எண் பகா எண்ணா என்பது கேள்வி. அது 6-இன் மடங்கு என்று கூற்று. ‘பகா எண் இல்லை’ என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, ‘போதாது’ என்று குறித்தேன்! ‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் அதுவும் போதும்தான். ஆமாம், இல்லை என்று இரண்டும் சாத்தியமாக இருந்தால்தான் போதாது.

முதல் கூற்றில் படித்தது இரண்டாவதைப் பார்க்கும்போதும் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும், அது வேறு தொல்லை. கையால் அதை மறைத்துக்கொண்டு இரண்டாவதைப் படிக்கிறேன், திரையில்கூட. பார்ப்பவர்கள் சிரிக்கலாம். அப்புறம், இரண்டு கூற்றும் ஒன்றோடொன்று முரண்படாது என்பது இந்தத் தேர்வின் வழக்கம். ஒன்றில் 5, மற்றதில் 7 என்று எனக்கு வந்தால் கேள்வியில் குறையில்லை, நான்தான் எங்கோ சறுக்கியிருக்கிறேன்.

உனக்கும் ஒன்று அனுப்புகிறேன். ஒரு எண்ணின் வர்க்கம் அந்த எண்ணைவிடப் பெரியதா? கூற்று ஒன்று: அதன் கனம் அந்த எண்ணைவிடப் பெரியது. கூற்று இரண்டு: அந்த எண் 1-ஐவிடப் பெரியது அல்லது −1-ஐவிடச் சிறியது. பின்னத்தை மறந்துவிடாதே. அடுத்த கடிதத்தில் பக்கம் பக்கமாக ஸ்டெப் போட்டு அனுப்பினால் படிக்க மாட்டேன். ஐந்தில் எது என்று மட்டும் எழுது. நீச்சல் கதையை மட்டும் விரிவாக எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்