தறியின் அகலமே அங்கியின் அளவு

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி ஆண்டு விழாக்களில் ‘உலக நாட்டு உடைகள்’ அணிவகுப்பு புதுச்சேரியில் வழக்கமாகிவிட்டது. அதற்குத் தைத்துவரும் ஜப்பானியக் கிமோனோவும் மேற்கு ஆப்பிரிக்கத் தொளதொள அங்கியான பூபூவும் பெரும்பாலும் சட்டைபோலக் கைக்குழி வளைத்து வெட்டப்படுகின்றன. துணியும் வீண், உடையும் உடம்பில் சரியாக இறங்குவதில்லை.

கிமோனோத் துணியின் அகலம் 36 முதல் 38 செ.மீ., நீளம் சுமார் 12 மீட்டர். இதை நேர்க்கோட்டில் எட்டுத் துண்டாக வெட்டினால் முழு உடையும் வந்துவிடும்: உடலுக்கு இரண்டு, கைக்கு இரண்டு, முன்பக்க ஒட்டுப்பட்டி இரண்டு, கழுத்துப்பட்டி ஒன்று, அதன்மேல் உறைபோல் இன்னொன்று. உடல் துண்டு முன்னாலிருந்து தோள்மேல் ஏறிப் பின்னால் இறங்குவதால் தோளில் தையலே கிடையாது. உடுத்துபவர் ஒல்லியானால் மிச்சத்தை வெட்ட மாட்டார்கள், தையலுக்குள் மடித்து வைப்பார்கள். பருமனானால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். சலவைக்கும் தையலை முழுவதும் பிரித்து, துண்டுகளை ஒரே நீளமாக இணைத்துத் துவைத்து, மறுபடி தைப்பது பழைய முறை. அதனால்தான் கையால் ஓட்டுத்தையல் போடுகிறார்கள். தடித்த பாலியெஸ்டர் நூலில் மெஷின் தையல் போட்டால், இழுபடும்போது நூல் நிற்கும், துணி கிழியும். இன்னொன்றையும் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும்: உடுத்துபவரின் இடப்பக்கம்தான் மேலே வர வேண்டும். வலப்பக்கத்தை மேலே போடுவது அங்கே பிணத்துக்கு உடுத்தும் முறை.

பூபூ இன்னும் எளிது. ஒன்றரை மீட்டர் அகலத் துணியில், தோளிலிருந்து கணுக்கால் வரையுள்ள உயரத்தைப்போல் இரு மடங்கு எடுத்து நடுவில் மடிக்க வேண்டும். மடிப்பில் கழுத்து வெட்டி, பக்கவாட்டில் கீழே மட்டும் ஓரிரு சாண் தைத்தால் போதும். துணியின் அகலமே கையாகிவிடும். கைக்குழி வெட்டினால் அது பூபூவே இல்லை.

இந்த அங்கியை நம் ஊரோடு சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே எங்கள் ஆதங்கம். புதுச்சேரி வட்டாரத்தில் நெய்து அவுரி நீலம் தோய்த்த ‘கினே’ துணி, 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சுக் கப்பல்களில் செனகல் ஆற்றங்கரைக்குப் போனது. அங்கே வேலம்பிசின் வணிகத்தில் அதுவே நாணயம்போலப் புழங்கியது. சகாராவின் ஓரத்து மூர் மக்கள் அதை அங்கியாக அணிந்தார்கள். பிரான்சில் நெய்த போலிகளை அவர்கள் எளிதில் ஏற்கவில்லை.

அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. அதைக் கரைய வைக்கத் தென்னாட்டு முறையில் தகரை விதையை வேகவைத்து, சுண்ணாம்பும் காரப்பொருளும் சேர்த்துத் தாழியில் புளிக்க வைப்பார்கள். மேலே செம்பு மினுக்கத்தோடு நீல நுரையும் கீழே மஞ்சள்பச்சை நீரும் தெரிந்தால் தாழி தயார். சுண்ணாம்பு மிஞ்சினால் புளிப்பு நின்றுவிடும். துணியில் கஞ்சி மிச்சமிருந்தால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும், ஆகவே வெளுத்து, நனைத்த பிறகே முக்க வேண்டும். அடர்நீலம் வேண்டுமென்று நெடுநேரம் ஊறப்போடுவதுதான் பலர் செய்யும் பிழை. சில நிமிடம் முக்கி, எடுத்துக் காற்றாடவிட்டு, திரும்பத் திரும்ப முக்கினால்தான் நிறம் ஏறும். அப்படி ஏறிய பின்னும் உரசினால் கொஞ்சம் தோலில் ஒட்டும். பாலைவனத்து மக்கள் அதைக் குறையாக நினைக்கவில்லை, விரும்பினார்கள்.

1898இல் தொடங்கிய புதுச்சேரியின் ஏஎப்டி (ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) பஞ்சாலை 2020இல் மூடப்பட்டது. அந்த இடத்தை என்ன செய்வது என்று அரசு முடிவெடுக்கும்போது, ஒரு தறிக்கும் ஒரு நீலத்தாழிக்கும் ஓர் அறை ஒதுக்க வேண்டுகிறோம். தாழியிலிருந்து பச்சையாக வரும் துணி காற்றுப்பட்டு நீலமாவதைப் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும்.

தையல், சாயத் தொழில் பயிற்றுநர்கள்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.