எல்மோவா, குக்கி மான்ஸ்டரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கொச்சை ஆங்கிலம் பேசுகிற பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்ற பேச்சு ரொம்ப காலமாக ஓடுகிறது. அமெரிக்காவில் கறுப்பினக் குடும்பங்கள் பல வீட்டில் பேசும் ஆங்கிலத்தை வைத்துத்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

அந்த ஆங்கிலத்தில் 'ஹீ வொர்க்கிங்' என்றால் இப்போது வேலையில் இருக்கிறார், 'ஹீ பி வொர்க்கிங்' என்றால் வழக்கமாக வேலைக்குப் போகிறவர், இந்த நிமிஷம் தூங்கிக்கொண்டுகூட இருக்கலாம். பழக்கமில்லாத காதுக்கு இரண்டுமே தப்பு, அவ்வளவுதான். ஜேனிஸ் ஜாக்சன் என்ற ஆய்வாளர் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு படத்தைக் காட்டினார். அதில் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கக் குழந்தைகள் டிவி நிகழ்ச்சியில் வரும் இரண்டு பொம்மைகள்: குக்கி (பிஸ்கட்) என்றால் உயிரை விடும் குக்கி மான்ஸ்டர் உடம்புக்கு முடியாமல் படுத்திருக்கிறது, எல்மோ குக்கி தின்கிறது. 'ஹூ இஸ் ஈட்டிங் குக்கீஸ்?' என்றதும் பிள்ளைகள் எல்மோவைக் காட்டினார்கள். 'ஹூ பி ஈட்டிங் குக்கீஸ்?' என்று மாற்றிக் கேட்டதும் கறுப்பினப் பிள்ளைகள் பெரும்பாலும் குக்கி மான்ஸ்டரைக் காட்டினார்கள், எந்நேரமும் தின்பது அதுதானே! வெள்ளையினப் பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் பிடிபடவில்லை. இதில் யாருக்கு இலக்கணம் தெரியவில்லை என்று சொல்வது?

'ஆஸ்க்' என்பதை 'ஆக்ஸ்' என்றால் சிரிக்கிறார்கள். 1535இல் அச்சான கவர்டேல் பைபிளில் 'கேளுங்கள், கொடுக்கப்படும்' என்ற இடத்தில் 'ஆக்ஸ்' என்றுதான் இருக்கிறது. அன்று வேதத்தில் இருந்த உச்சரிப்பு இன்று படிக்காதவன் உச்சரிப்பு ஆகிவிட்டது. (எழுத 'வருகிறார்கள்', பேச 'வர்றாங்க' என்று இருக்கிற நமக்கு இது புரியாத விஷயமா என்ன!)

1996 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரப் பள்ளி வாரியம் இந்தப் பேச்சை வைத்துக்கொண்டே பொது ஆங்கிலம் சொல்லித்தரலாம் என்று தீர்மானம் போட்டபோது, வகுப்பில் கொச்சையைக் கற்பிக்கப் போகிறார்கள் என்று ஊரே கேலி செய்தது. தீர்மானத்தின் வாசகம் குழப்பமாக இருந்தது உண்மை, அடுத்த மாதமே திருத்தினார்கள். அதே 1997 ஜனவரியில் அமெரிக்க மொழியியல் சங்கம், இந்தப் பேச்சுக்கும் எல்லா மொழிகளையும் போல ஒழுங்கும் விதியும் உண்டு, சோம்பேறிப் பேச்சு என்பது தவறு, இழிவும்கூட என்று தீர்மானமே போட்டது. கேலி போன தூரத்துக்கு அது போகவில்லை.

பொது ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர்வும் வேலையும் அதில்தான், பிள்ளை கற்கத்தான் வேண்டும். ஆனால் வாயைத் திறக்கும்போதெல்லாம் 'தப்பு' என்று கேட்கிற பிள்ளை நாளடைவில் வாயைத் திறக்காது. 'வீட்டில் இப்படிச் சொல்வாய் அல்லவா, கட்டுரையில் இப்படி எழுது' என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஆன் ஆர்பர் நகரில் கறுப்பினப் பிள்ளைகளின் பெற்றோர் தொடர்ந்த வழக்கில் 1979இல் நீதிபதி சார்லஸ் ஜாய்னர் சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான்: பிள்ளைகளின் வீட்டு மொழியை ஆசிரியர்கள் தெரிந்துகொண்டு, அதை வைத்துப் பொது ஆங்கிலத்தில் வாசிக்கக் கற்றுத்தரப் பள்ளி நிர்வாகம் ஒரு திட்டம் கொண்டுவர வேண்டும் என்று.

இப்படிக்கு,
ஒரு வாசகர்