மழையில் எவ்வளவு நேரம்? கேமரா நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கேமரா நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும், அவர்கள் செய்ததற்கு விளம்பர வாசகம் எழுதுபவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் விளம்பரங்களில் கேமரா எப்போதும் நனைந்தே இருக்கிறது. பாடி முழுக்க நீர்த்துளிகள், பின்னால் கறுத்த வானம். அதே கேமராவின் கையேட்டைப் பிரித்தால் குரல் மாறிவிடுகிறது: தூசியையும் ஈரத்தையும் தாங்கும்படி வடிவமைத்திருக்கிறோம், ஆனால் எல்லாச் சூழலிலும் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது. வாரன்டி அட்டைக்குப் போனால், நீர் புகுந்து வரும் பழுதுகள் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. இந்த மூன்றில் எதை நம்பி மழையில் இறங்குவது?

நீர் தாங்கும் திறனை எண்ணாகச் சொல்ல வழியில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. ஐஇசி 60529 என்ற பன்னாட்டுத் தரநிலை இருக்கிறது. அதன் ஐபி குறியீட்டில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தண்ணீர் இலக்கம் 3 என்றால் செங்குத்திலிருந்து 60 டிகிரி வரை சாய்ந்து விழும் தூறலைத் தாங்கும். 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் பாதகமில்லை. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். லென்ஸ் மாற்றும் கேமராக்களில் ஓஎம் சிஸ்டத்தின் ஓஎம்-1 ஐபி53 என்றும், லைக்காவின் எஸ்எல்2 ஐபி54 என்றும் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டன. உங்களில் பலர் இன்னமும் 'வெதர் சீல்டு' (மழையும் தூசியும் புகாமல் அடைத்தது) என்ற ஒரே சொல்லில் வண்டியை ஓட்டுகிறீர்கள்.

தயக்கம் எதற்கென்று ஊகிக்க முடிகிறது. கைப்பேசிகள் ஐபி68 என்று மார்தட்டும் காலத்தில் 53 என்பது கடையில் சிறுத்துத் தெரியும். ஆனால் கைப்பேசியில் கழற்றி மாட்டும் லென்ஸ் இல்லை, திருகும் டயல்கள் இல்லை, பேட்டரிக் கதவும் இல்லை. இது கேமரா வாங்குபவருக்குப் புரியாது என்று ஏன் நினைக்கிறீர்கள்? லென்ஸ் மாற்றும் கேமராவோடு குளத்தில் குதிக்க யாரும் அனுமதி கேட்கவில்லை. தூறலில் ஒரு மணி நேரம் நிற்கலாமா, பெருமழையில் உறை போட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

எண்ணை அச்சிட்டால் மட்டும் கதை முடியாது என்பதும் தெரியும். எந்த லென்ஸோடு சோதித்தீர்கள் என்று அதன் பக்கத்திலேயே எழுத வேண்டும். லென்ஸும் பாடியும் சேரும் மவுன்ட்டில் நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் பொதுவாக லென்ஸின் பக்கம்தான் இருக்கிறது. அது இல்லாத லென்ஸை மாட்டினால், எத்தனை சீல் வைத்த பாடியானாலும் வாசலைத் திறந்து வைத்தது போலத்தான். கேனனின் சில அகலக்கோண 'எல்' வரிசை உயர்ரக லென்ஸ்களில் முன்னால் ஃபில்டர் மாட்டினால்தான் சீலிங் முழுமை பெறும். லென்ஸ் கையேட்டைத் தேடிப் படிக்காதவருக்கு இது எப்படித் தெரியும்? நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸ் ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. நனைந்த குழலை அப்படியே உள்ளே தள்ளுகிறோம். ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவையும் யூஎஸ்பி மூடியையும் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை, உங்கள் சர்வீஸ் ஆட்களைக் கேளுங்கள்.

கடல் நீர் வேறு கணக்கு. ஐபி சோதனைகள் நல்ல தண்ணீரில், புத்தம் புதிய கருவியில் நடப்பவை. உப்பு நீர் காய்ந்ததும் படிகமாகி, இடுக்குகளை அடைக்கும் ரப்பர் கேஸ்கெட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், காற்றின் ஈரத்தை இழுக்கும், மின்முனைகளை அரிக்கும். கழுவிவிடலாமே என்றால் அங்கும் ஒரு சிக்கல். தண்ணீர் இலக்கம் 7 பெற்ற கருவி, பீய்ச்சும் நீருக்கான 5, 6 சோதனைகளையும் கடந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் தரநிலையில் இல்லை. ஆகவே மூழ்கினால் தாங்குகிற கேமரா குழாயின் வேகத்தைத் தாங்காமல் போகலாம். எப்படிக் கழுவுவது என்று பெட்டியிலேயே இரண்டு வரி போடலாம்.

பேட்டரி விஷயத்தில் இதைவிடப் பெரிய வேலையைச் செய்துகாட்டியவர்கள் நீங்கள். சிபா என்ற உங்கள் சங்கத்தின் முறைப்படி எல்லோரும் ஒரே மாதிரி அளந்து, ஒரு சார்ஜில் எத்தனை படம் என்று அச்சிடுகிறீர்கள். அந்த எண்ணிக்கையை யாரும் வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் இரண்டு கேமராக்களை ஒப்பிட உதவுகிறது. மழைக்கும் அப்படி எல்லா விவரக் குறிப்பிலும் ஒரு வரி வேண்டும்.

கடைசியாக, வயது. எனக்கு இதுதான் பெரிய குறை. ரப்பர் இறுகும், சுருங்கும், வெடிக்கும். 1963இல் வந்த நிக்கானின் நீருக்கடிக் கேமரா நிக்கோனாஸை எடுத்துக்கொள்ளுங்கள். கடலடி ஆய்வாளர் குஸ்தோவுக்காக ழான் டி வூட்டர்ஸ் வடிவமைத்த கலிப்ஸோ கேமராவின் வழிவந்த அந்தக் கேமரா 50 மீட்டர் ஆழம் வரை இறங்கியது. அதன் ஓ-ரிங்குகளை, அதாவது நீர் தடுக்கும் ரப்பர் வளையங்களைக் கழற்றி, துடைத்து, கிரீஸ் தடவி, தேய்ந்தால் மாற்றும் வேலை பயன்படுத்துபவர் கையில் இருந்தது. நீரில் மூழ்கும் சிறிய கேமராக்களுக்கு இன்றும் சில கையேடுகள் ஆண்டுக்கொரு முறை சீலை மாற்றச் சொல்கின்றன. பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் பெரிய கேமராவுக்கு மட்டும் இந்தப் பேச்சே எழுவதில்லை. ஐந்து வருடம் வெயிலில் அலைந்த பாடியின் கேஸ்கெட் இன்னும் பிடிக்கிறதா என்று அதன் சொந்தக்காரருக்குத் தெரியாது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்குச் சுத்தமாகத் தெரியாது.

ஆகவே கேஸ்கெட் எத்தனை ஆண்டுக்கு வரும் என்று எழுதுங்கள். அதை மாற்றுவதை ஒரு சாதாரண சர்வீஸாக, விலை போட்டு வையுங்கள். வேறு பழுதுக்காக பாடியைத் திறந்து மூடினால், சீல்களை மாற்றினீர்களா, கசிவு சோதித்தீர்களா என்று பில்லில் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
மழைக்காலத்திலும் படமெடுத்தாக வேண்டிய ஒருவன்