ஆண்டறிக்கை 2025–26
(கிருஷ்ணகிரியில் கூடிய மாற்றுத்திறனாளிகள் சங்கப் பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சக்கர நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்களே, அவர்களை அழைத்து வந்திருக்கும் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான சங்கத்தின் செயல்பாடுகளை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு ஒன்பது முறை கூடியது. மூன்று முறை போதிய உறுப்பினர்கள் வராததால் ஒத்திவைக்கப்பட்டது. டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினம் வழக்கம்போல் நடைபெற்றது. தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க 22 பேருக்கு உதவினோம். பேருந்துப் பயணச் சலுகை அட்டைகள் புதுப்பிக்கப்பட்டன. பொங்கல் விழா நடந்தது. இவ்வாண்டு நம்மைவிட்டுப் பிரிந்த இரு உறுப்பினர்களின் குடும்பங்களுக்குச் சங்கம் தன் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது.

இனி, சங்கத்தின் நேரத்தையும் பணத்தையும் இவ்வாண்டு அதிகம் எடுத்துக்கொண்ட பணியான சக்கர நாற்காலிப் பராமரிப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. செயற்குழுவில் அதுகுறித்துக் கேள்விகள் எழுந்தமையால், பொதுக்குழுவின் முன் விளக்கம் அளிப்பது என் கடமை.

சென்ற மே மாதம் காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஓர் உறுப்பினரைப் பார்க்கப் போயிருந்தேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் புளி உலுக்க மரமேறி, விழுந்து, தண்டுவடத்தில் அடிபட்டவர். முகாமில் வாங்கிய சக்கர நாற்காலி மடித்துத் திண்ணையோரம் சாத்தியிருந்தது. அவர் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். "வண்டியை ஏம்மா மடிச்சு வச்சிட்டீங்க?" என்று அவர் மனைவியைக் கேட்டேன். "முன்சக்கரம் சுத்த மாட்டேங்குதுங்க சார்" என்றார். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தபோது, முன்சக்கரத்தின் அச்சில் தலைமுடியும் தேங்காய் நாரும் சேலை நூலும் கயிறு திரித்ததுபோல் சுற்றி இறுகியிருந்தன. பிளேடால் அறுத்தெடுத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதும் சக்கரம் சுழன்றது. இருபது நிமிட வேலை. அதைச் செய்ய ஆளில்லாமல் அவர் ஏழு மாதம் கட்டிலிலேயே கிடந்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண் வந்திருந்தது.

அதன்பின் ஜூன், ஜூலை இரண்டு மாதங்களில் உறுப்பினர் வீடுகளில் 34 சக்கர நாற்காலிகளைப் பார்வையிட்டேன். அன்றாடம் பயன்பாட்டில் இருந்தவை 15 மட்டுமே. மற்றவை டியூப் போய், பிரேக் பிடிக்காமல், கால்தாங்கி ஒடிந்து, அல்லது உட்காருபவருக்கு அளவு பொருந்தாமல் ஓரங்கட்டப்பட்டவை. உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டுதல், இந்தச் சேவையை எட்டுப் படிகளாகப் பிரிக்கிறது. அனுப்பிவைப்பதில் தொடங்கி, அளவெடுத்தல், தேர்வு செய்தல், பணம் ஏற்பாடு, தயாரித்தல், பொருத்திப் பார்த்தல், பயிற்சி என வந்து, எட்டாவது படியாகத் தொடர் கவனிப்பும் பராமரிப்பும் பழுதுநீக்கலும் நிற்கின்றன. நம் ஊரில் முகாம், மாலை, புகைப்படம் ஆகியவற்றோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. அந்த எட்டாவது படியையாவது சங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில்தான் ஆகஸ்ட் முதல் மாதந்தோறும் மூன்றாம் ஞாயிறன்று பராமரிப்பு நாள் நடத்தி வருகிறேன். ஸ்பேனர் செட், பேரிங், டியூப், ஸ்போக், ரெக்சின், அடர்த்தியான பஞ்சு ஆகியவை வாங்கப்பட்டன. எட்டு ஞாயிறுகளில் 27 நாற்காலிகளும் 11 ஊன்றுகோல்களும் சரிசெய்யப்பட்டன. ஊன்றுகோலின் அடிரப்பர் தேய்ந்துபோனால் சிமெண்டுத் தரையில் வழுக்கும். அதை மாற்ற ஆகும் செலவு சிறிதுதான்.

பர்கூர் பக்கத்துப் பதினான்கு வயது மாணவி ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கான 18 அங்குல நாற்காலியில் அமர்த்தப்பட்டிருந்ததால், அவர் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். இருக்கையின் அகலம் இடுப்பை ஒட்டி அமைய வேண்டும்; முழங்கால் மடிப்புக்கும் இருக்கையின் முன்விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி வேண்டும்; பாதம் முழுவதும் கால்தாங்கியில் பதிய வேண்டும். இருபுறமும் பஞ்சு வைத்து இருக்கையைக் குறுக்கி, கால்தாங்கியை உயர்த்தினோம். மதியம் அந்தப் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை போனதை அங்கிருந்த நான்கு பேரும் பார்த்தோம். "இரும்புக் கடை வேலை சங்கத்தின் வேலையா?" என்று கேட்ட உறுப்பினர்கள் அன்று வந்திருந்தால், அந்தக் கேள்விக்கு நான் இங்கே பதில் சொல்லத் தேவை இருந்திருக்காது.

இரண்டாவது ஆட்சேபம், மருத்துவ ஆய்வுகளைப் படித்துப் பேசும் மாதாந்திர வாசிப்புக் கூட்டத்தைப் பற்றியது. வெளிநாட்டு ஆராய்ச்சி நமக்கு எதற்கு என்று கேட்கப்பட்டது. பக்கவாதம் வந்த தந்தைக்காக, கையை அசைத்துவிடும் இயந்திரம் ஒன்றைக் கடன் வாங்கியாவது வாங்கிவிட ஒரு குடும்பம் முன்பணம் கட்டவிருந்த நேரத்தில், பிரிட்டனில் 770 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வைத்தான் அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். ரோபோவோடு வாரம் மூன்று நாள் வீதம் பன்னிரண்டு வாரம் பயிற்சி செய்தவர்களின் கை, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் கையைவிடக் கூடுதலாகப் பயன்பட்டதாக அந்த ஆய்வில் தெரியவில்லை. இயந்திரங்களே வேண்டாம் என்பது என் கருத்தன்று. சென்னை ஐஐடியும் வேலூர் சிஎம்சியும் சேர்ந்து உருவாக்கிய 'புளூட்டோ' என்னும் கைப்பயிற்சிக் கருவி மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சிறியது. அப்படிப்பட்டது நம் வட்டாரத்தில் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் ஓர் இடத்துக்கு வந்தால் வரவேற்பேன். வீட்டை அடகு வைத்து ஒருவர் வாங்க வேண்டிய பொருள் அதுவன்று.

செலவில்லாத முறைகளும் ஆராய்ச்சியிலிருந்தே வருகின்றன. நல்ல கைக்கு உறை மாட்டிக் கட்டுப்படுத்தி, பாதித்த கையையே வேலை செய்யவைக்கும் முறையை 222 பேரிடம் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். மணிக்கட்டும் விரல்களும் ஓரளவாவது அசைபவர்களுக்கு அது பலன் தந்தது. நம் உறுப்பினர் ஒருவரின் தாயார் பிசியோதெரபிஸ்டின் மேற்பார்வையில் இம்முறையைச் செய்தார். இடக்கையில் துணியுறை, வலக்கையால் வேர்க்கடலை உரிக்க வேண்டும். முதல் நாள் அரைமணி நேரத்தில் ஆறு காய். இரண்டாம் வார முடிவில் ஒரு கைப்பிடி.

நாம் நம்பியிருந்த சிலவற்றை ஆராய்ச்சி மாற்றவும் செய்கிறது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் நோயாளியை அடிக்கடி எழுப்பி நடக்கவைப்பது நல்லது என்றே நான் பலரிடம் சொல்லி வந்தேன். 2,104 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு, அவ்வாறு மிக விரைவாகவும் மிகுதியாகவும் எழுப்பப்பட்டவர்கள் மூன்று மாதத்தில் சற்றுப் பின்தங்கியே இருந்ததைக் காட்டியது. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் போதும் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது. நம் நாட்டிலேயே 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் அதைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட முடிவின்படி, குடும்பத்தாரிடம் பயிற்சி பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் என்ற இரு பிரிவினரின் நிலையிலும் ஆறு மாதத்தில் வேறுபாடில்லை. இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. குடும்பத்தின் அன்பு பயிற்சி பெற்றவரின் கைக்கு ஈடாகாது என்றே நான் புரிந்துகொள்கிறேன். ஆகவேதான், 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் பிசியோதெரபிஸ்டை, "இன்றைக்கு வேண்டாம், உறவினர் வந்திருக்கிறார்கள்" என்று திருப்பி அனுப்பாதீர்கள் என்று மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

புதிய கருவிகளில் நம் கைக்கு எட்டக்கூடியவை சென்னையிலிருந்தே வருகின்றன. நின்றபடி இருக்க உதவும் 'அரைஸ்' நாற்காலியை ஐஐடி 2019-இல் அறிமுகப்படுத்தியது. சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டிக்கொண்டு சாலையில் ஓட்டிச் செல்லும் மோட்டார் இணைப்பான 'நியோபோல்ட்' 2021-இலும், ஒன்பது கிலோ மட்டுமே எடையுள்ள 'ஒய்டி ஒன்' சக்கர நாற்காலி 2025 ஜூலையிலும் வந்தன. நம் அறையிலுள்ள இரும்பு நாற்காலியைத் தராசில் வைத்தோம், 18 கிலோ. 2022-இல் வந்த 'கடம்' செயற்கை முழங்கால் 160 டிகிரி வரை மடங்கும். நடக்கும்போது கால்நுனி தரையில் தட்டுவதைக் குறைக்கும் பல அச்சு அமைப்பு கொண்டது. முழங்காலுக்குக் கீழே காலிழந்த எனக்கு அது தேவைப்படாது. தொடையோடு காலிழந்த நம் உறுப்பினர்கள் அறுவருக்கு அது பேருந்து இருக்கையில் காலை மடக்கி உட்காரும் வசதி. 1960களின் இறுதியில் மருத்துவர் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர் காலில்தான் பத்தொன்பது ஆண்டுகளாக நான் வெறுங்காலோடு வயலில் நடக்கிறேன். பாதம் நன்றாகவே உழைக்கிறது. எஞ்சிய கால் மெலிந்துகொண்டே வருவதால், அது பொருந்தும் கூட்டைத்தான் இதுவரை மூன்று முறை மாற்றியிருக்கிறேன்.

இக்கருவிகளில் சிலவற்றை நேரில் பார்ப்பதற்காகவே நவம்பரில் சென்னைக் கண்காட்சிக்கு வேன் ஏற்பாடு செய்தேன். பெயர் கொடுத்தவர்கள் 14 பேர். காலை நான்கு மணிக்கு வந்து நின்றவர்கள் ஐவர். வராத ஒன்பது பேரில் இருவரே முன்கூட்டித் தெரிவித்தார்கள். வேன் வாடகை 14 பேருக்கானதுதான். இதை யாரையும் குறை கூறச் சொல்லவில்லை. விடியற்காலையில் உடலைத் தயார்செய்து புறப்படுவது எத்தனை பெரிய வேலை என்பதை நானும் அறிவேன். ஆயினும் ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களையாவது அழைத்துச் சென்றிருக்கலாம்.

இரவல் பொருள்களைப் பற்றியும் வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன். இவ்வாண்டு கொடுத்த ஒன்பது வாக்கர்களில் நான்கு திரும்பவில்லை. ஒரு வீட்டில் அது கொல்லையில் துணி உலர்த்தப் பயன்படுவதைக் கண்டேன். அதே வாரம் இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டி ஒருவருக்குக் கொடுக்கச் சங்கத்தில் வாக்கர் இல்லை. ஆண்டுச் சந்தா 300 ரூபாய். பதிவேட்டிலுள்ள 118 பேரில் முழுமையாகச் செலுத்தியவர்கள் 47 பேர். மாதம் 25 ரூபாய் என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டுகிறேன். உண்மையிலேயே இயலாதவர்கள் என்னிடம் தனியே சொன்னால் போதும். அந்தப் பெயர்கள் இதுவரை யாருக்கும் தெரிந்ததில்லை, இனியும் தெரியாது.

வரவு செலவைப் பொறுத்தவரை, சந்தாவும் நன்கொடையும் சேர்ந்து செலவைப் பெரும்பாலும் ஈடுசெய்துள்ளன. வேன் வாடகையாலும் கருவிகள் வாங்கியதாலும் ஏற்பட்ட சிறு பற்றாக்குறை தற்காலிகமாகச் சரிக்கட்டப்பட்டுள்ளது. விவரங்கள் பொருளாளரிடம் உள்ளன. தணிக்கை முடிந்ததும் சுற்றுக்கு அனுப்பப்படும்.

தலைவர், பொருளாளர், கூட்டத்துக்கு இடம் தந்த பள்ளி நிர்வாகம், பஞ்சர் வேலைக்கு ஒரு ரூபாயும் வாங்காத சைக்கிள் கடைக்காரர், பிசியோதெரபிஸ்டுகள் இருவர், நன்கொடையாளர்கள் அனைவருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் பராமரிப்பு நாளை ஊத்தங்கரையிலும் நடத்தக் கேட்டிருக்கிறார்கள். இப்போது பராமரிப்பு நாளுக்குத் தவறாமல் வருபவர்கள் நானும் இரண்டு இளைஞர்களும் மட்டுமே. அவர்களில் ஒருவருக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. எனக்கும் வயது 63 ஆகிறது. செயற்கைக் காலின் கூடு உராய்ந்த இடத்தில் அடிக்கடி புண் வருகிறது. பொறுப்பை ஏற்க யாரேனும் முன்வந்தால் அறைச் சாவியையும் பதிவேட்டையும் இன்றே கொடுத்து, உடனிருந்து வேலையைக் கற்றுத்தர அணியமாக இருக்கிறேன். முழுப் பொறுப்பு வேண்டாம் என்பவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு, மூன்று மணி நேரம் தந்தால் போதும். ஸ்பேனர் பிடித்த பழக்கம் தேவையில்லை. அடுத்த பராமரிப்பு நாள் வரும் மூன்றாம் ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு. ஆறு நாற்காலிகள் ஏற்கெனவே அறைக்கு வந்துவிட்டன.

இப்படிக்கு,
செயலாளர்